எண்ணெய் ஊற்றாத மூன்று வருஷம்

மதுக்கரை அங்கப்பன் வீட்டில் பொரியல் நேராகத் தட்டுக்கு வராது. முதலில் பேப்பருக்குப் போகும். அவர் ஒரு கரண்டி பீன்ஸைப் பழைய பேப்பரில் கொட்டி, மடித்து, உள்ளங்கையால் அழுத்தி, சிறிது நேரம் காயவிட்டு, பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். தண்ணீர்க் கறை காய்ந்துவிடும், எண்ணெய்க் கறை காயாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கறை இல்லையென்றால் அச்சு மை ஒட்டிய அதே பீன்ஸை வழித்துத் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிடுவார். எதிரில் கரண்டியோடு நிற்கும் அவர் மனைவி பூவாத்தாள் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொள்வாள். மூன்று வருஷமாக இந்தக் கூத்து.

அதற்கு முன்னால் ஒரு நாள் தோப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்குப் பீளமேட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு காகிதம் கொடுத்தார்கள். எண்ணெய், நெய் குறைக்கவும் என்று முதல் வரி. அரிசி, சர்க்கரை, பேக்கரிப் பண்டங்கள் குறைக்கவும் என்று இரண்டாவது வரி. முதல் வரியில் இருந்த ‘குறைக்கவும்’ என்பதை அங்கப்பன் ‘ஒழிக்கவும்’ என்று படித்தார். இரண்டாவது வரியை அவர் படிக்கவே இல்லை. கொழுப்பு அடைத்தது, கொழுப்பை நிறுத்தினால் அடைப்பு நின்றுவிடும், இதற்கு மேல் இதில் படிக்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

ஐந்து ஏக்கர் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் தேங்காய்ச் சில்லு நுழையக்கூடாது என்று ஆனது. கடலை, எள்ளு, முட்டையின் மஞ்சள், தயிரின் ஆடை எல்லாம் போயின. கடுகு தாளிக்க ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. வெறும் சட்டியில் கடுகைப் போட்டால் அது வெடிக்காமல் கருகும், அந்தக் கருகலைக் குழம்பில் கொட்ட வேண்டும். தோசைக்கல்லில் வெங்காயத்தைத் தேய்த்து ஊற்றினால் தோசை கல்லை விட்டு வராது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கோழியை மஞ்சள் போட்டு வெந்நீரில் வேகவைத்தால் போதும் என்பார். சாம்பல் நிறத்துக்கு மாறிய அந்தச் சதையும் மேலே மிதக்கிற நுரையும் பூவாத்தாளின் கனவில்கூட வந்தன. நல்ல சமையல்காரி என்று ஒறம்பரை சொந்தபந்தங்களிடம் பேர் எடுத்தவள் அவள். இப்போது தன் கையால் செய்ததைத் தானே வாயில் வைக்க முடியாமல், பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள்.

ஆனாலும் ஊற்றவில்லை. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவள் நினைத்திருந்தால் ஆயிரம் வழி இருந்தது. ஒரு நாள்கூட, ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. புருஷன் உயிர் சம்பந்தப்பட்ட காரியம் என்று அருவருப்பை அடக்கிக்கொண்டு அவர் கேட்டபடியே செய்துபோட்டாள்.

கொழுப்பை விரட்டின வயிறு சும்மா இருக்குமா? காலையில் எட்டு இட்லி, தொட்டுக்கொள்ளக் கரைத்த வெல்லம். மத்தியானம் குன்று போலச் சோறு, அதன் மேல் தண்ணியாய் ஒரு ரசம், மறுபடியும் சோறு, கடைசியில் வாழைப்பழம் இரண்டு. சாயங்காலம் பொழுதோடே பேக்கரி. கோயமுத்தூரில் பேக்கரிக்கா பஞ்சம்? ஆடை எடுத்த பாலில் மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீயும், சர்க்கரைப் பாகில் ஊறிய ஹனி கேக் இரண்டும். தேன்தானே, தேனில் கொழுப்பு ஏது என்பார். அந்த மாவில் என்ன போட்டுப் பிசைந்தார்கள் என்று அங்கே யாரும் பேப்பரில் அழுத்திப் பார்க்கவில்லை. மூன்றாவது கேக்கைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். துவைக்க எடுத்தால் பை முழுக்கப் பாகு பிசுபிசுக்கும், எறும்பு மொய்க்கும். அந்தப் பைக்குள் விரலை விட்டு வழிக்கிற ஒவ்வொரு முறையும் பூவாத்தாளுக்கு இந்த மனுஷனின் வாயையே நினைக்கப் பிடிக்காது.

ஒரு பைத்தியம் போதாதென்று இன்னொன்று. மகன் மோகன்குமாருக்கு முப்பது வயது, பீளமேட்டில் கம்ப்யூட்டர் வேலை. அவன் ஏதோ ஒரு குரூப்பில் சேர்ந்து, சோறுதான் விஷம், கொழுப்புதான் அமிர்தம் என்று கிளம்பிவிட்டான். காலையில் காப்பியில் வெண்ணெயை உருட்டிப் போட்டுக் குடிப்பான். மேலே மஞ்சளாய் எண்ணெய் மிதக்கும், அதை உதட்டால் உறிஞ்சுவான். கறிக்கடையில் வெட்டிக் கழித்துப் போடுகிற கொழுப்பைக் கேட்டு வாங்கிவந்து உருக்கச் சொல்வான். ஃப்ரிட்ஜில் அது வெள்ளையாய் உறைந்து கிடக்கும். பாத்திரம் கழுவினால் நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும், சோப்புக்கும் போகாது. ஒரே அடுப்பில் இடது பக்கம் அப்பனுக்கு அவித்தது, வலது பக்கம் மகனுக்குப் பொரித்தது. நடுவில் நின்றவளுக்கு இரண்டு வாடையும் சேர்ந்து தலையில் ஏறியது. இந்த வீட்டில் மனுஷச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் யாருமே இல்லையா என்று அவளுக்கு ஆத்திரமாக வரும்.

இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்ட பரிசோதனைக்குப் போன மாதம் மூன்று பேரும் போனார்கள். மோகன்குமாரும் ரத்தம் கொடுத்தான். தன் ரிப்போர்ட்டைக் காட்டி அப்பாவின் வாயை அடைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ரத்தம் எடுத்த ரித்திகா என்ற பெண், அரைமணி நேரம் கழித்து ஒரு கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், காலையில் ஏதாவது குடித்தீர்களா என்று அங்கப்பனிடம் கேட்டாள். வெறும் வயிறுதான் என்றார் அவர். ஒரு டீ குடித்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, பூவாத்தாள்தான் எடுத்துச் சொன்னாள். டீ என்ன சாப்பாடா என்பது நம் ஊர் ஆட்களின் சாஸ்திரம். ஒரு டீயால் மட்டும் இப்படி ஆகாது என்று சொல்லி அந்தப் பெண் குழாயைக் காட்டினாள். அடியில் ரத்தம் இறங்கியிருந்தது. மேலே தெளிவாக மஞ்சள் நீர் நிற்க வேண்டிய இடத்தில் பால் மாதிரி வெள்ளையாய் ஏதோ நின்றது. அத்தனையும் கொழுப்பு என்றாள்.

பூவாத்தாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மனுஷன் உடம்புக்குள் இது ஓடுகிறதா என்று நினைத்ததும் உடம்பு கூசியது. அங்கப்பன் குழாயைப் பார்த்தார், பிறகு திரும்பி அவளைப் பார்த்தார்.

“எண்ணெய் ஊத்தியிருக்கறே,” என்றார்.

டாக்டர் மேக்னா பொறுமைசாலி. படம் போட்டே விளக்கினார். தின்கிற எண்ணெய் அப்படியே போய் ரத்தத்தில் மிதப்பதில்லை, உடம்புக்குத் தேவைக்கு மேல் போகிற சோற்றையும் மாவையும் சர்க்கரையையும் ஈரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்பிவிடும், நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டிய ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு உங்களுக்கு எழுநூற்றைத் தாண்டியதற்கு முக்கியக் காரணம் அதுதான், இப்படியே போனால் அடுத்த அடைப்புக்கு நாள் குறித்த மாதிரி என்று சொன்னார். மோகன்குமார் சத்தமாகச் சிரித்தான். டாக்டர் அவன் ரிப்போர்ட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தார். அவனுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் இருநூற்றுக்கு மேல் ஏறியிருந்தது. வெண்ணெயையும் ஆட்டுக் கொழுப்பையும் இப்படி அள்ளி வாயில் போட்டால் உங்கள் அப்பாவுக்கு ஐம்பத்தெட்டில் வந்தது உங்களுக்கு நாற்பதில் வரும் என்றார். சிரிப்பு நின்றது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை உள்ளே வாங்கவில்லை என்பது பூவாத்தாளுக்கு அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. சின்ன வயசுப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும் என்று கார் கிளம்புவதற்கு முன்பே அங்கப்பன் ஆரம்பித்துவிட்டார். சோத்துல இருந்து எங்கயாச்சும் கொழுப்பு வருமா, நெல்லை ஆட்டி எண்ணெய் எடுத்தவன் எவன் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஊரில் தவிட்டெண்ணெய் விற்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆயிற்று. சமையலறை அலமாரிகளைத் தலைகீழாய்க் கவிழ்த்துத் தேடினார். விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய்ப் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்தார். அவள் பரிமாறும்போது கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது, அதற்கும் ஒரு விசாரணை. அவளுடைய ஐம்பத்தாறாவது வயதில், முப்பத்திரண்டு வருஷம் தன்னோடு குடித்தனம் செய்தவர் மூக்கைத் தன் கையில் வைத்து உறிஞ்சுகிறபோது, அந்த மூச்சுக்காற்று பட்ட இடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவலாம் போல அவளுக்கு இருந்தது. கழுவவும் செய்தாள்.

அதையும் பொறுத்திருப்பாள். அவர் ஊருக்கெல்லாம் போன் போட்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. “என்ற ஊட்டுக்காரி எண்ணெய் ஊத்தியே என்னை முடிச்சுப்போடுவா” என்று பங்காளிகள் வீட்டுக்கெல்லாம் சொல்லியிருந்தார். ஒவ்வொருத்தியாக அவளைக் கூப்பிட்டு, ஏனக்கா இப்படிப் பண்றீங்க, மாமன் பாவமல்லங்க என்றார்கள். அவள் அண்ணன் மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. புருஷனுக்கு வினை வைக்கிறவள் என்ற பேரோடு அவள் அந்தப் பந்தலில் போய் நிற்க வேண்டும். மகனோ நியாயம் கேட்கவில்லை. அப்பா, பேசாம நீங்களும் என்னை மாதிரி வெண்ணெய்க்கு மாறிக்குங்க என்றான். அவள் அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் அங்கப்பனே வழி சொன்னார். வருகிற அமாவாசைக்குக் குலதெய்வம் கோயிலில் பங்காளிகள் கூடுகிறார்கள், அங்கே சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணு என்றார். அவள் பயந்து முதல் நாளே ஒத்துக்கொள்வாள் என்பது அவர் எண்ணம். அதையும் வாய்விட்டே சொன்னார். டாக்டர் சொன்னதை நம்பாத மனுஷன், ரத்தக்குழாயைக் கண்ணால் பார்த்தும் நம்பாத மனுஷன், சூடத்தை நம்புவார். பூவாத்தாள் செரிங்க என்றாள்.

கோயில் ஈரோட்டுக்கு அந்தப்பக்கம், மஞ்சள் காட்டு நடுவில். காலை பத்து மணிக்கெல்லாம் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். கோயிலை ஒட்டிய கொட்டகையில் சோறு வெந்துகொண்டிருந்தது. பங்காளிகளில் மூத்தவர் கண்ணையா. எழுபது வயது, அதிகம் பேசாதவர். சங்கதியைக் கேட்டு முகத்தைச் சுளித்தார்.

“புருஷன் பொண்டாட்டிக்குள்ள சத்தியம் ஆகாது அங்கப்பா. காடு கரைத் தகராறுன்னா செரி. சத்தியம் வாங்குனவன் செஞ்சவங்க கையில அன்னந்தண்ணி பொழங்கக்கூடாது, நம்ம கூட்டத்துல அதுதான் மொறை. உனக்குத் தெரியாததில்லை.”

அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. அந்தக் கூட்டத்திலேயே இரண்டு குடும்பங்கள் ஒரு கிணற்றுக்காகச் சத்தியம் வாங்கி, இருபது வருஷமாக ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காமல் இருக்கிறார்கள். அன்றைக்கும் ஒரு தூணுக்கு இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கப்பன் அதைப் பார்த்துவிட்டும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“தெரியுமுங்கண்ணா. எண்ணெய் ஊத்தறவ கையில உண்டு நான் என்ன வாழப்போறேன். சூடத்த வையுங்க சொல்றேன்.”

அந்த வார்த்தை பூவாத்தாள் காதில் விழுந்தது. மூன்று வருஷம் கருகின கடுகையும் சாம்பல் நிறக் கோழியையும் தாங்கினவளுக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டைக்குள் இறங்கவில்லை. கோயிலுக்கு வெளியே போய் மஞ்சள் காட்டுப் பக்கம் திரும்பி ஒரு தரம் காறித் துப்பினாள். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சாமி முன்னால் நின்றாள்.

பூசாரி கருங்கல் மேல் சூடத்தை வைத்துப் பற்றவைத்தார்.  அவள் வலது கையை நீட்டினாள். 

“இந்த மூணு வருசத்துல இவருக்கு ஆக்குன சோத்துலயும் கொழம்புலயும் ஒரு சொட்டு எண்ணெய் ஊத்துனதில்லைங்க. நெய் ஊத்துனதில்லை, தேங்கா அரைச்சதில்லை. பொய்யின்னா என்ற கண்ணு ரெண்டும் போகட்டும்.”

உள்ளங்கையை நெருப்பின் மேல் வைத்து அமுக்கினாள். சூடம் அணைந்தது. கையை எடுத்தபோது நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. பெண்களில் யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

 அங்கப்பன் கணக்கில் இது வரவில்லை. அவள் ஒத்துக்கொள்வாள், தான் பெரிய மனது பண்ணி மன்னிப்போம், அப்புறம் ஊரே தன் பக்கம் என்று நினைத்து வந்தவர். இப்போது சாமி முன்னால் எண்ணெய் இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் குழாயில் பார்த்தது என்ன? அது அவர் ரத்தம்தான், அவர் கண்ணால்தான் பார்த்தார். நெற்றி வியர்த்தது. துண்டால் துடைத்துக்கொண்டார், மறுபடியும் வியர்த்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவருக்கு உயிர்ப்பயம் வந்ததைப் பூவாத்தாள் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை.

கண்ணையாதான் கேட்டார். “ஏம்ப்பா, அப்ப அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்துச்சு?”

அங்கப்பன் பூவாத்தாளைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, கேள்வி மட்டும் இருந்தது.

“உங்க கையிலிருந்துதானுங்க வந்துச்சு,” என்றாள் அவள். “நான் ஊத்தாததை நீங்க உண்டே சேத்திக்கிட்டீங்க. சோறு வேணும் வேணும்னு கேட்டு வாங்கி உண்டீங்க. வெல்லத்தைக் கரைச்சுக் குடிச்சீங்க. பாகுல ஊறுன கேக்கைப் பையில போட்டுட்டு வந்து, நான் தூங்குனப்புறம் தின்னீங்க. அந்த டாக்டரம்மா உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. நீங்க என்ற கையை மோந்து பாத்தீங்க.”

மோகன்குமார் பின்னாலிருந்து, நான்தான் அப்பவே சொன்னேனே, சோறுதான் விஷம் என்று ஆரம்பித்தான். உன் ரிப்போர்ட்டையும் இங்கயே படிக்கச் சொல்லட்டுமா என்று அவள் திரும்பிக் கேட்டாள். அவன் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

பந்தி போட்டார்கள். குலதெய்வம் கோயிலில் அவரவர் வீட்டுப் பெண்கள்தான் அவரவர் வரிசைக்குப் பரிமாற வேண்டும். அங்கப்பன் வழக்கமான இடத்தில், கண்ணையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பூவாத்தாள் சுட்ட கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்து வந்தாள். கண்ணையா இலையில் போட்டாள். அடுத்தது அங்கப்பன் இலை. அவர் தண்ணீர் தெளித்துத் துடைத்து, கை இரண்டையும் பின்னுக்கு இழுத்து, வழக்கம்போல இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். அவள் அந்த இலையைத் தாண்டிப் போய் அதற்கடுத்த இலையில் சோறு போட்டாள்.

“ஏம்புள்ள,” என்றார் அங்கப்பன் தாழ்ந்த குரலில். “எனக்கு?”

அவள் நின்றாள். பந்தி முழுக்கக் கை நின்றது.

“நீங்க சத்தியம் வாங்குனவருங்க. நான் செஞ்சவ.”

அது சும்மா பேச்சுக்குச் சொன்னது, இதையெல்லாமா பிடித்துக்கொண்டு நிற்பது, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்காதே என்று அவர் முணுமுணுத்தார். உதவிக்குக் கண்ணையாவைப் பார்த்தார். கண்ணையா குனிந்து தன் இலையில் பருப்பைப் பிசைய ஆரம்பித்தார்.

“பேச்சுக்கு நெருப்புல கை வெக்கலைங்க நான்,” என்றாள் பூவாத்தாள். “இனி ஊட்டுலயும் அப்படித்தானுங்க. உங்க சோத்தை நீங்க ஆக்கிக்குங்க. எண்ணெய் ஊத்தறதோ சக்கரை கொட்டறதோ உங்க இஷ்டமுங்க. உங்க ஒடம்பு, உங்க கையி.”

சோற்றுப் பாத்திரத்தை அவர் இலைக்கு எதிரில், மண் தரையில் வைத்தாள். கரண்டியையும் அதிலேயே விட்டாள். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய்க் காலியாக இருந்த ஓர் இலையில் உட்கார்ந்து, கண்ணையாவின் மருமகளிடம் சோறு கேட்டாள். பருப்பு ஊற்றினதும் நெய் கேட்டாள். ஒரு கரண்டி போதுமுங்க என்றாள்.

அங்கப்பன் எழுந்து இலையைச் சுற்றி வந்து பாத்திரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கரண்டியை எடுத்தார். ஒரு கரண்டி இலையில் போட்டார். இன்னொரு கரண்டி அள்ளினார். அது பாதி வழியில் நின்றது. எவ்வளவு போதும் என்று அவருக்குத் தெரியவில்லை. இதுவரை அவர் போதும் என்று சொன்னதே இல்லை. கேட்கிறதற்கு யாரையாவது தேடி வரிசையை ஏறிட்டுப் பார்த்தார். கடைசி இலையில் பூவாத்தாள் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.